ஹிங்கானோவின் அண்ணன்

எங்கள் ஊரான ராபின்வேலில், டோங்காக்காரர் சபையில் நல்ல அண்ணனுக்கு உதாரணம் சொல்லவேண்டும் என்றால் இன்றைக்கும் மனாசேயைத்தான் சொல்வார்கள். தாய்மார்கள் பையன்களைத் திட்டும்போது, "மனாசே மாமாவப் பாருடா, தங்கச்சி வர்ற சத்தம் கேட்டாலே மரியாதையா எழுந்து போயிடுவாரு" என்பார்கள். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் மனாசே தலையைக் குனிந்துகொள்வான். எவ்வளவு அடக்கம் என்பார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! பல்லைக் கடிப்பது வெளியே தெரியக்கூடாது என்றுதான் அவன் குனிவது.

மனாசே எங்களைப் போலவே டோங்கா என்ற தீவு நாட்டுக்காரன். ஹாபாய் தீவுகளில், ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கிற அளவு சின்னத் தீவு ஒன்றில் பிறந்தவன். வீட்டில் ஆறு ஆண்பிள்ளைகள், அவன் ஆறாவது. பெண்பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவன் செய்த முட்டாள்தனத்துக்கு இது ஒன்றுதான் சமாதானம். முப்பத்துமூன்று வயதில், நான்கு வருட வேலை விசாவில், எங்கள் ஊர்ப் பாதாம் ஆலைக்கு வந்தான். ஓட்டையும் பருப்பையும் பிரிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நாள் முழுக்கத் தூசி தின்கிற வேலை. முணுமுணுக்காமல் செய்வான். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடினால் பெஞ்சு அதிரும். ஒரே ஒரு கோளாறு. தன்னுடையது என்று ஒன்றை நினைத்துவிட்டால், அதன்மேல் இன்னொருவன் நிழல் விழக்கூடாது. தீவில் இருந்தபோது அவனுடைய நாய் பக்கத்து வீட்டுக்காரன் பின்னால் போய்விட்டது என்று ஒரு வருடம் பக்கத்து வீட்டுக்காரனோடும் பேசவில்லை, நாயோடும் பேசவில்லை. நாய்க்கு அது தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

அவனுக்கு ஊரில் ஒரு காதலி இருந்தாள். ஹிங்கானோ என்று பெயர், தாழம்பூ என்று அர்த்தம். அடுத்த தீவுக்காரி, ஏழு வயது இளையவள், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். அவன் வந்து ஒரு வருடம் கழித்து மூன்று மாத விசாவில் அவனைப் பார்க்கப் புறப்பட்டு வந்தாள். பேருந்து வந்து நின்றபோது பார்த்து, சபை மூப்பரின் மனைவி கலோலைன் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். அவள் கண்ணில் படாமல் ஊரில் ஒரு கோழி முட்டையிட முடியாது.

"யாருப்பா இது?" என்று கேட்டாள் கலோலைன்.

காதலி என்று சொல்ல முடியுமா? கல்யாணமாகாத பெண், காதலனைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றால் அன்றைக்கே சபையில் கூட்டம் போட்டுவிடுவார்கள். மனாசேக்கு வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னான்.

"என் தங்கச்சி. சித்தி மக."

கலோலைன் முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்குச் சித்தி மகள், சித்தப்பா மகள் எல்லாம் கூடப் பிறந்தவள்தான், வித்தியாசம் கிடையாது. அண்ணன் இருக்கிற ஊருக்குத் தங்கை வந்தால் அதைவிடப் பத்திரம் ஏது? அன்று மாலையே அவள் வீட்டில் ஹிங்கானோவுக்கு ஓர் அறை கிடைத்தது. ஊரில் ஹாபாய்க்காரர்கள் வேறு யாரும் இல்லை, சித்தி யார், எந்தச் சித்தி என்று நோண்டிக் கேட்க ஆளில்லை. மனாசேக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பெருமை.

பெருமை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் நின்றது. ஆராதனை முடிந்து கலோலைன் வீட்டில் சாப்பாடு. சேம்பிலையில் கறியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து மண் அடுப்பில் வேகவைத்த லூ, மரவள்ளி, ஆட்டுக்கறி. மனாசே போய் ஹிங்கானோவுக்கு எதிரே உட்கார்ந்தான். கலோலைன் அவன் தோளைத் தட்டி எழுப்பினாள். தங்கச்சி சாப்பிடுகிற இடத்தில் நீ உட்காருவாயா, அவள் எப்படிக் கூச்சமில்லாமல் சாப்பிடுவாள் என்று கேட்டு, தட்டைக் கையில் கொடுத்து வெளியே கார் நிறுத்தும் கூரைக்கு அனுப்பிவிட்டாள். எங்கள் வழக்கம் அது. விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் சேர்ந்து படம் பார்க்கமாட்டார்கள், ஒருவர் முன்னால் ஒருவர் கேலிப்பேச்சுப் பேசமாட்டார்கள், அவள் அறை வாசலை அவன் தாண்டமாட்டான். அவள் உள்ளே வந்தால் அவன் எழுந்து வெளியே போவான். தங்கை இல்லாத வீட்டில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் காதால் கேட்ட சங்கதி. கோழி நடமாடும் கூரையடியில் நின்று லூவைத் தின்றபோதுதான் முதல் முறையாக அவனுக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை இன்னும் நன்றாக உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் ஆண்கள் சபைக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து காவா குடிப்பார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தது, நாக்கு மரத்துப்போகும். கல்யாணமாகாத பெண் ஒருத்தி தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரட்டையில் மொண்டு கொடுப்பாள். ஆண்கள் அவளைக் கேலி செய்யலாம், கிட்டார் வாசித்துக் காதல் பாட்டுப் பாடலாம். பாதிப்பேர் வருவதே அதற்காகத்தான். ஆனால் அவளுக்கு அண்ணன் தம்பி முறை உள்ளவன் அந்த வட்டத்தில் இருக்கக்கூடாது. அன்றைக்குக் காவா மொள்ள ஹிங்கானோவை உட்காரவைத்தார்கள். இவனோ முதல் ஆளாகப் போய் இடம் பிடித்திருந்தான். நாற்பது தலைகள் அவன் பக்கம் திரும்பின. எழுந்து போய்த் தன் காருக்குள் உட்கார்ந்துகொண்டான்.

காரின் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தான். உள்ளே நடப்பது எல்லாம் கேட்டது. ஹிங்கானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஃபெலெட்டி. இங்கேயே பிறந்து வளர்ந்த டோங்காக்காரன், இந்த நாட்டுக் குடிமகன். பாதாம் மரத்தைப் பிடித்து உலுக்குகிற பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவன். நாற்பத்துநான்கு வயது, தொப்பை, ஒரு முழங்கால் சரியில்லை, மனைவி இறந்து நான்கு வருடம். அவன் பேசுகிற டோங்கா மொழியே நொண்டும். ஆனால் என்ன சொன்னானோ தெரியவில்லை, ஹிங்கானோ சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு அது, கார் வரைக்கும் கேட்டது. மனாசே, இறங்கிப் போய் அந்தத் தொப்பையில் ஒரு குத்து விடலாம் என்று கதவைத் திறந்தான். எந்த உரிமையில் குத்துவது? அண்ணனாகப் போனால் சிரிப்பே காதில் விழாத தூரத்துக்கு விலகிப் போகவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஹிங்கானோவின் விசா முடிய ஆறு வாரம் இருக்கும்போது கலோலைன் அவனைத் தேடி ஆலை வாசலுக்கே வந்தாள். ஃபெலெட்டி முறைப்படி கேட்கச் சொல்லியிருக்கிறான், தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க அண்ணன் சம்மதிப்பாரா என்று. மனாசே முதலில் செய்த காரியம், இயந்திரத்துக்குத் திரும்பிப் போய் மூன்று மணி நேரம் யாரோடும் பேசாமல் நின்றது. நாலாவது மணி நேரத்தில் அவன் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

ஆற்றங்கரையில் கலோலைனின் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி நின்று ஹிங்கானோவிடம் சொன்னான். குடிமகனைக் கட்டிக்கொண்டால் திரும்பிப் போகவேண்டாம். இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் நிரந்தர விசா. வந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, விவாகரத்து வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிக்கொள், உன்னால் நானும் இங்கேயே தங்கிவிடலாம்.

"அந்த மனுஷன்?" என்றாள் ஹிங்கானோ.

"அவனுக்கென்ன. வேற ஒருத்திய பாத்துக்குவான்."

"அவருக்கு இது தெரியாது. நிஜக் கல்யாணம்னு நெனப்பாரு. ஒரே வீட்டுல நான் எப்படி விலகி இருக்கறது, மனாசே?"

"தலை வலிக்குதுன்னு சொல்லு."

"ரெண்டு வருஷமா?"

மனாசே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஈர மணலைக் கால்விரலால் கீறிக்கொண்டு நின்றுவிட்டு, "இத நான் கேக்கல. ஊருக்குப் போயி உனக்காகக் காத்திருக்கறேன்னுதான் சொன்னேன். நீதான் போகச் சொல்ற. இத மறந்துடாத" என்றாள். மறக்கமாட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணினான்.

இதற்குப் பெயர்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது.

கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் செய்யவேண்டியதை எல்லாம் அவன் செய்தான். இரண்டு பன்றி, நல்ல பாய்கள், மரப்பட்டைத் துணிச் சுருள் ஒன்று. தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளை வீட்டில் வைத்தபோது, பார்த்தாயா எப்படிச் செய்கிறான் என்று கிழவர்கள் மெச்சினார்கள். அடுத்த ஞாயிறு, புதுத் தம்பதி எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருகிற நாள். ஃபெலெட்டி வியர்த்து வழிந்துகொண்டிருந்தான், ஹிங்கானோ தன் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. மனாசேயின் அடிக்குரல் பாட்டின் நடுவில் நின்றுபோய்விட்டது. தங்கை கல்யாணத்தில் அண்ணனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று பின் பெஞ்சில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மனாசேக்கு இரண்டு வேலை. ஒன்று ஆலையில், இன்னொன்று ஃபெலெட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. மீன் கொண்டுவந்தேன், மண்வெட்டி வேண்டும் என்று தினம் ஒரு சாக்கோடு போவான். ஃபெலெட்டி ஓடிவந்து, "வாங்க மச்சான்" என்று முற்றத்தில் நல்ல நாற்காலியைப் போடுவான், பன்றியில் நல்ல துண்டை எடுத்துக் கொடுப்பான். மனைவியின் அண்ணனுக்குச் செய்யவேண்டிய மரியாதை. சண்டை போடவாவது ஒரு காரணம் கொடுக்கக்கூடாதா, பாவி! மனாசே அவனிடம் குற்றம் தேடித்தேடிச் சேர்த்து வைத்தான். பிரசங்கத்தில் குறட்டை விடுகிறான், சுருதி சேராமல் பாடுகிறான், நடந்தால் தொப்பை முன்னால் போகிறது. இரவு படுக்கும்போது அந்தப் பட்டியலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஆனால் கண் சும்மா இருக்குமா? வேண்டாததை எல்லாம் பார்த்தது. ஜூலை மாதம் எங்கள் ஊரில் குளிர்காலம், விடிகாலை கார்க் கண்ணாடியில் உறைபனி படிந்துவிடும். மனாசே வேலைக்குப் போகும் வழியில், வழியே இல்லாத வழியில், அந்தத் தெருமுனையில் காரை நிறுத்திப் பார்ப்பான். ஃபெலெட்டி முழங்காலை இழுத்து இழுத்து வெளியே வருவான். வெதுவெதுப்பான தண்ணீரை ஹிங்கானோவின் கார்க் கண்ணாடியில் ஊற்றித் துடைத்து, உள்ளே ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போவான். திராட்சைக் கொட்டகை வேலைக்குப் புறப்பட்டு வருகிறவள் சூடான காரில் ஏறிப் போவாள். ஒருநாள் இல்லை, குளிர்காலம் முழுக்க. சபை விருந்தில் பார்த்தால், ஹிங்கானோ ஃபெலெட்டியின் தட்டிலிருந்து உப்புக்கறியை எடுத்துவிட்டுப் பரங்கிக்காயை வைப்பாள், அவனுக்கு ரத்த அழுத்தம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் தின்பான். மனாசே அந்தப் பரங்கிக்காயைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், தனக்கும் ரத்த அழுத்தம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அவளோடு பேசலாம் என்றால் எங்கே பேசுவது? அண்ணன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை, சரி. ஆனால் எதிரே நிற்கவும் யாரும் விடவில்லை. ஒரு புதன்கிழமை, ஃபெலெட்டி தோட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் போய்க் கதவைத் தட்டினான். ஹிங்கானோ திறப்பதற்குள் எதிரே இருந்த தன் வீட்டு வேலிக்குப் பின்னாலிருந்து கலோலைன் முளைத்தாள்.

"தங்கச்சி தனியா இருக்கற வீட்டுக்குள்ள நுழையறியே, உங்க ஹாபாயில இதுதான் பழக்கமா? வாசல்லயே நில்லு. என்ன சேதியோ என்கிட்ட சொல்லு, நான் போய்ச் சொல்றேன்."

சேதி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு தொலைபேசிதான். முதல் ஆறு மாதம் தினம் சாப்பாட்டு இடைவேளையில் அவளே கூப்பிடுவாள். "இன்னும் எத்தன நாள்?" என்று அவள் கேட்பாள், அவன் சொல்வான். "தலைவலி எப்படி இருக்கு?" என்று அவன் கேட்பான், அவள் சிரிப்பாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு அவன் கூப்பிட்டால் மட்டும். நாளை எண்ணுவது அவன் ஒருவன்தான் என்று ஆனது. இரண்டாவது வருடம் பாதாம் பூத்த சமயத்தில் ஒருநாள், தலைவலி எப்படி இருக்கு என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. "வேலை இருக்கு மனாசே, வைக்கறேன்" என்றாள்.

மறுநாள் அவன் ஆலைக்குப் போகவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். உடன் தங்கியிருந்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். காய்ச்சல் இல்லை, அவள் ஃபெலெட்டியைத் தொட்டிருக்கிறாள், ஃபெலெட்டி அவளைத் தொட்டிருக்கிறான், இதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. போகச் சொன்னது தானே என்பதும் நினைவுக்கு வந்தது, ஆனால் பொறாமைக்கு அந்த நியாயமெல்லாம் புரியாது. சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தான். என்ன நடந்திருந்தாலும் போகட்டும், விசாக் கடிதம் வந்த அன்று அவள் வந்துவிடுவாள். சொன்ன சொல் சொன்னதுதான். பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றுக்குச் சொல்லி வைத்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று மஞ்சள் திரைச்சீலை வாங்கினான்.

நிரந்தர விசாவுக்குத் தாள்கள் அனுப்பவேண்டிய நேரம் வந்தது. ஃபெலெட்டி ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு மனாசேயின் அறைக்கே வந்துவிட்டான். சேர்ந்து எடுத்த படங்கள், வீட்டு மின்கட்டணச் சீட்டுகள், எல்லாம் இருந்தன. குடும்பத்தில் ஒருவர் இந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் நல்லதாம்.

"எனக்கு யாரும் இல்ல மச்சான்," என்றான் ஃபெலெட்டி. "உங்களவிட வேற யாரு எங்கள இவ்வளவு கவனிச்சுப் பாத்திருக்காங்க?"

மனாசேக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தக் கல்யாணம் உண்மை என்று அவன் எழுதவேண்டும். எவ்வளவு நன்றாக எழுதுகிறானோ அவ்வளவு சீக்கிரம் விசா வரும், எவ்வளவு சீக்கிரம் விசா வருமோ அவ்வளவு சீக்கிரம் அவள் அவனிடம் வருவாள். ஆலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டோங்கா மொழியில் எழுத ஆரம்பித்தான். அரைப்பக்கம் போதும் என்று நினைத்திருந்தான். 'நான் ஹிங்கானோவின் அண்ணன்' என்று முதல் வரியை எழுதினான். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. உறைபனி வந்தது, பரங்கிக்காய் வந்தது. மழை பெய்தால் ஃபெலெட்டியின் முழங்காலுக்கு அவள் எண்ணெய் தேய்ப்பது வந்தது, அவன் செத்துப்போன மனைவியின் கல்லறைக்கு இவள் மாதம் ஒருமுறை பூ மாற்றுவது வந்தது. அவன் கிட்டாரில் தப்பாக வாசித்தால் அவள் வேண்டுமென்றே அதே தப்போடு பாடுவது வந்தது. இரண்டு வருடம் மனாசேயைத் தூங்கவிடாமல் செய்ததெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான்கு பக்கம். மணி அடித்தது தெரியாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, படித்துப் பார்க்காமலே கொடுத்தான். படித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

யாரோ அதை மொழிபெயர்த்து, நகலைக் கோப்போடு சேர்த்து அனுப்பினார்கள். நான்கு மாதத்தில் விசா வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஃபெலெட்டி சபையில் எழுந்து நின்று, மச்சான் எழுதிக் கொடுத்ததால்தான் வந்தது, சனிக்கிழமை எல்லோருக்கும் எங்கள் வீட்டில் விருந்து என்றான்.

மனாசே அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் புது வீட்டைப் பெருக்கினான். திரைச்சீலையை மாட்டினான். இரண்டு தலையணைக்கு உறை போட்டான். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஹிங்கானோ. ஃபெலெட்டி பன்றி எடுத்துவரப் போயிருக்கிறார், கலோலைன் சபையில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு எட்டு வந்துவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்தான். பின்னிருக்கையில் கிடந்த சாமான்களை வீட்டுக்குள் எறிந்துவிட்டு, காரில் இடம் பண்ணிக்கொண்டு போனான்.

கதவு திறந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வீட்டு வரவேற்பறைக்குள் போய், ஃபெலெட்டியின் அகலமான சோபாவில் உட்கார்ந்தான். பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஹிங்கானோ சமையலறையிலிருந்து வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். கையில் நான்கு தாள்கள் இருந்தன, அவன் கையெழுத்து.

"இது நீங்க எழுதினதுதானே?" என்றாள்.

நீங்க என்றதை அவன் பொருட்படுத்தவில்லை. யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்தான். "ஆபீசுக்காக எழுதினது," என்றான். "உன் பெட்டி எங்க?"

"ஆபீசுக்குன்னா பத்து வரி போதும். கல்லறையில நான் பூ மாத்தறது அவருக்கே ரொம்ப நாள் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அத வாசிச்சுட்டு அவர் அழுதாரு. நானும் அழுதேன். நாம அவர ஏமாத்தறோம்னு நெனச்சுத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன். எப்போ அது மாறிச்சுன்னு எனக்குத் தெரியல. உங்க காகிதத்துல இருக்கு."

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணல. நீங்கதான் பண்ணினீங்க. ஆனா நான் ஏமாத்தினதாவே இருக்கட்டும், அந்தப் பழிய ஏத்துக்கறேன்." தாள்களை நீட்டினாள். அவன் கை எட்டவில்லை, பாதி தூரத்தில் இருந்த மேசைமேல் வைத்துவிட்டுப் பழையபடி வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டாள். "வாசிச்சுப் பாருங்க. இதுல ஒரே ஒரு பொய்யக் காட்டுங்க. காட்டினா நான் இப்பவே உங்ககூடக் கிளம்பி வர்றேன்."

மனாசே எடுத்து வாசித்தான். இவ்வளவு கவனமாக அவன் வேதத்தைக்கூட வாசித்ததில்லை. உறைபனி உண்மை. வெந்நீர் உண்மை. பரங்கிக்காய், எண்ணெய், கிட்டார், எல்லாம் அவன் கண்ணால் பார்த்தது. நாலாவது பக்கத்தின் கடைசியில், 'இந்த ஊரில் எனக்குத் தெரிந்த புருஷன் பெண்டாட்டிகளில் இவர்களைப் போல் யாரும் இல்லை' என்று எழுதியிருந்தான். அதை எப்போது எழுதினான் என்பதே அவனுக்கு நினைவில்லை. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தான். கை வியர்த்து மை கலங்கியது. திடீரென்று நிமிர்ந்தான்.

"இருக்கு," என்றான். "முதல் வரி. நான் உன் அண்ணன்னு எழுதியிருக்கேன்ல, அது பொய்."

ஹிங்கானோ அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, ஆனால் அவள் துடைக்கவில்லை.

"அது ஒண்ணுதான்," என்றாள். "அத மட்டும் நிஜமாக்கிடுங்க, அண்ணா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை. அவள் அந்த வார்த்தையை அவனுக்காக மட்டும்தான் சொன்னாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. ஃபெலெட்டியின் குரல் கேட்டது, மச்சான் கார் நிற்கிறதே, பன்றியை இறக்க ஒரு கை கொடுக்கச் சொல்லு என்றான். ஹிங்கானோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி அறைக்குள் வந்தாள்.

மனாசே எழுந்து வெளியே போனான்.